வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு ஆகிய மலையூர்களிலும், பாலக்காட்டின் கிழக்கெல்லையான சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் தமிழ் பேசும் குழந்தைகள் ஏராளமாகப் படிக்கின்றனர். சிலர் தமிழ் வழியில், சிலர் மலையாள வழியில். இவர்களுக்குக் கணக்குக் கற்பிக்கப்போகும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பெற்றோரையும் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. எப்படி அழைப்பது என்பதிலேதான் சிக்கல்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆவது பிரிவில், ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டிக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் இதிலே ஆசிரியர் சொல்பவர், பெற்றோர் கேட்பவர். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்க டீச்சர், நீங்களே பாத்துக்குங்க" என்று தாய் எழுந்துவிட்டால் அத்துடன் கூட்டம் முடிந்தது.

அந்தத் தாய்க்குக் கணக்குத் தெரியாதா? கொழுந்து பறிப்பவர் காலை நிறுவை எவ்வளவு, மாலை நிறுவை எவ்வளவு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது போக நின்றது எவ்வளவு, அளவுக்கு மேற்பட்ட கிலோவுக்கு என்ன கூலி என்பதையெல்லாம் மனத்திலேயே போட்டு வைத்திருப்பார். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தது ஒரு சதவீதக் கணக்குக்காகத்தானே! 20 சதவீதம் கேட்டார்கள், போனஸாக 8.33, கருணைத் தொகையாக 11.67 என்று முடிவாயிற்று. கூட்டிப் பாருங்கள், 20 வரும். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அஃதாவது ஒரு மாதச் சம்பளம். நம் பாடநூல்கள் எதிலும் சதவீதத்துக்கு இத்தனை உயிருள்ள உதாரணத்தை நான் கண்டதில்லை.

எனினும் வீட்டுக் கணக்குத் தானாகவே பள்ளிக் கணக்காக மாறிவிடாது. பிரேசில் நாட்டில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். வியாபாரத்தில் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 மட்டுமே சரி. கல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடமும் இதே பிளவு இருப்பதை 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்களாம்! ஆகவே இரு கரைக்கும் பாலம் கட்டுவது ஆசிரியரின் வேலை. அந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும்.

நம் எல்லைப்புறத்தில் மொழியும் குறுக்கே நிற்கிறது. பெருக்கலை மலையாளப் பாடநூல் 'குணனம்' என்கிறது. வகுத்தலை 'ஹரணம்' என்கிறது. இவையாவது புதுச் சொற்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேறொரு சொல் இதைவிடப் பொல்லாதது. தமிழில் 'சதுரம்' என்றால் நாலு பக்கமும் சமம். மலையாளத்திலோ 'சதுரம்' என்பது நம் செவ்வகம். நம் சதுரத்துக்கு அங்கே 'சமசதுரம்' என்று பெயர். மலையாள வழியில் படிக்கும் பிள்ளை நீளமும் அகலமும் வேறான ஓர் உருவத்தைச் 'சதுரம்' என்று எழுதுகிறது. பார்த்த தந்தை, தரைக்கு ஓடு பதிக்கும் தொழிலாளி, "இது சதுரமில்லடா" என்கிறார். இருவரும் சொல்வது சரியே. ஆனால் மறுநாள் பள்ளியில் பிள்ளைக்குச் சரிக்குறி கிடைக்கிறது. அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்று அது முடிவு செய்துவிடுகிறது. அதன்பின் அவரிடம் எதையும் கேட்பதில்லை. இழப்பு யாருக்கு?

ஆசிரியப் பயிற்சி மாணவர் இவ்விரு சொற்பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்திருந்தால் ஒரே நிமிடத்தில் இதைத் தீர்த்திருப்பார். மாதிரிப் பாடம் நடத்துவதற்கு முன் ஒரு மாலை லயத்துக்கோ களத்துக்கோ போய், வீட்டார் போடும் கணக்குகளைக் கேட்டு எழுதி வரச் செய்யலாம். பாலக்காட்டு முதியவர்களுக்கு இன்றும் பறையும் இடங்கழியும் நினைவிருக்கின்றன. பத்து இடங்கழி ஒரு பறை. மூன்று பறை ஆறு இடங்கழி என்றால் முப்பத்தாறு இடங்கழி. இரண்டாம் வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும் கற்பிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து அளக்கச் சொல்லலாமே! வாசலில் புள்ளிக் கோலம் போடும் அக்காளுக்கும் சமச்சீரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

கேரளத்தில் 'உல்லாச கணிதம்' என்ற திட்டம் சிறு வகுப்புகளுக்கு விளையாட்டு வழியில் கணக்கைக் கொண்டுவந்து, பின்னர் அவ்விளையாட்டுகளை வீட்டுக்கும் அனுப்பியது. பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் அதிலும் பொருள் பள்ளியிலிருந்து வீட்டுக்கே போகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி இன்னும் ஒற்றையடிப் பாதைதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. பெற்றோர் கூட்டத்தை முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தால் தோட்டத் தொழிலாளிக்கு அரைநாள் கூலி போகும். மாலை நிறுவை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, லயத்துக்கு அருகிலேயே வையுங்கள், வருவார்கள்.