காசு கொடுத்த பாட்டு, கடைக்காரர் கையில் சாவி

பழைய கணினி மந்தமாகிவிட்டது என்று சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டுடலாமா?" என்று கடைப் பையன் கேட்பார். பாட்டெல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதே என்ற தைரியத்தில் தலையாட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் பாதிப் பாட்டு ஓடாது. கோப்பு இருக்கும், பெயர் இருக்கும், அளவும் சரியாக இருக்கும். ஆனால், இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை, கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தக் கணக்கோ எப்போதோ செத்துப்போன ஒரு மின்னஞ்சல் முகவரியில் இருக்கும்.

2003-லிருந்து 2009 வரை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வேலை பார்த்து, ஐபாடுக்காக ஐடியூன்ஸ் கடையில் பாட்டு வாங்கிச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களில் இது இன்றும் நடக்கிறது. திருட்டுப் பாட்டு இறக்கியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பாட்டுக்கு 99 சென்ட் எண்ணிக் கொடுத்தவருக்குத்தான் தொல்லை.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிள் விற்ற பாட்டில் 'ஃபேர்பிளே' என்ற பூட்டு இருந்தது. கையடக்கக் கருவிகளில் அது பெரும்பாலும் ஐபாடில்தான் திறந்தது. மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ பூட்டு போட்ட பாட்டு ஐபாடில் ஓடாது. சோனி தன்னுடைய அட்ராக் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் 2004-ல் 'ஹார்மனி' என்ற மென்பொருள் மூலம் தன் கடைப் பாட்டை ஐபாடில் ஓட வைத்தபோது, ஹேக்கர் வேலை என்று ஆப்பிள் சீறியது. ஒருமுறை நூறு பாட்டு வாங்கியவர் அடுத்த கருவியையும் அதே கம்பெனியிடம்தான் வாங்கியாக வேண்டும் என்பதுதான் இந்தப் போட்டியின் கணக்கு.

கம்பெனி கடையை மூடும்போதுதான் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடை 2006-ல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் வந்தது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிக்கு அனுமதி கொடுக்க மாட்டோம். கணினியை மாற்றினால் பாட்டு போயிற்று என்று அர்த்தம். 'நிச்சயம் ஓடும்' என்ற பொருளில் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' முத்திரை குத்தி விற்ற அதே மைக்ரோசாஃப்ட், 2006-ல் தானே கொண்டுவந்த 'ஜூன்' (Zune) என்ற இசைக் கருவியில் அந்த முத்திரைப் பாட்டை ஓட விடவில்லை. வால்மார்ட் தான் விற்ற பாட்டுகளுக்கு அனுமதி கொடுக்க 2008 அக்டோபர் 9-ஐக் கடைசி நாளாக அறிவித்து, அதற்குள் சிடியில் பதிந்துகொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியது. யாஹூ தன் அனுமதிச் சேவையகத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 30-ல் நிறுத்துவதாகச் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது பிறகு நடந்தது. வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. எம்எஸ்என் மியூசிக் விஷயத்தில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு பகிரங்கக் கடிதம் எழுதியது. மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்து 2011 இறுதிவரை அனுமதி தருவதாகச் சொன்னது. வால்மார்ட்டும் முடிவைத் தள்ளிப்போட்டது. யாஹூ, பூட்டில்லாத பாட்டாக வேறு கடையில் வாங்கிக்கொள்ளக் கூப்பன் கொடுத்தது. நார்வேயில் நுகர்வோர் கவுன்சில் 2006-லேயே ஆப்பிள் மீது புகார் கொடுத்தது. அந்நாட்டு நுகர்வோர் குறைதீர்ப்பாளர் இந்தப் பூட்டு சட்டத்துக்குப் புறம்பானது என்றே சொன்னார். 2009-ல் ஆப்பிள் புதிதாக விற்கும் பாட்டுகளின் பூட்டை எடுத்தது. கெடுவுக்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்த இடத்தில் ஏதோ ஒன்று கிடைத்தது. கெடு கழிந்த பிறகு புலம்பியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ரசீதைச் சரிபார்க்காதவர்கள் கதி என்ன என்பதற்கு 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நீதிமன்றத்தில் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. 2006 செப்டம்பர் முதல் 2009 மார்ச் வரை ஐபாட் வாங்கியவர்கள் சார்பில் சுமார் 35 கோடி டாலர் இழப்பீடு கேட்டு, இந்தப் பூட்டு தொடர்பாக ஆப்பிள் மீது வழக்கு. விசாரணை தொடங்கிய பிறகு ஆப்பிளின் வக்கீல்கள் வழக்குத் தொடுத்தவரின் ஐபாடின் சீரியல் நம்பரைச் சரிபார்த்தார்கள். அது அந்தக் காலத்துக்கு வெளியே வாங்கியது. வேறு ஐபாட் இருக்கிறது என்றார். அது கணவருடைய சட்ட நிறுவனத்தின் கணக்கில் வாங்கியது. நீதிபதி அவரை விலக்கிவிட்டார். நடுவழக்கில் வேறு ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஜூரி ஆப்பிள் பக்கமே தீர்ப்புச் சொன்னது வேறு விஷயம். பத்து வருடம் நடந்த வழக்கில் யார் பெயரில், எந்தத் தேதியில் பில் என்பதை முதலிலேயே பார்க்காமல் விட்டதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் எச்சரிக்கை: கணினியை ஃபார்மட் செய்யக் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

ஐடியூன்ஸில் பாட்டின் மேல் வலது கிளிக் செய்து தகவல் பக்கத்தைத் திறந்தால் 'கைண்ட்' என்று ஒரு வரி இருக்கும். 'பர்ச்சேஸ்டு ஏஏசி' என்றிருந்தால் பூட்டு இல்லை. 'புரொடெக்டட் ஏஏசி' என்றிருந்தால் பூட்டு. விண்டோஸில் டபிள்யூஎம்ஏ கோப்பாக இருந்தால் 'பிராப்பர்ட்டீஸ்' போய் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'புரொடெக்டட்' என்பதற்கு நேரே யெஸ்ஸா நோவா என்று பார்க்க வேண்டும். பூட்டுள்ளவற்றை மட்டும் ஒரு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து கணக்கு. பழைய கம்பெனி மின்னஞ்சலில் ஆப்பிள் கணக்கு வைத்திருந்தால், கடவுச்சொல் நினைவில் இருக்கும்போதே முகவரியை மாற்றிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகள் வரைதான் அனுமதி. விற்ற கணினி, உடைந்த கணினி, ஃபார்மட் செய்த கணினி எல்லாம் அந்த ஐந்தில் உட்கார்ந்திருக்கும். கணக்குப் பக்கத்தில் எல்லாவற்றின் அனுமதியையும் ஒரேயடியாக நீக்க ஒரு பொத்தான் உண்டு. அதை வருடத்துக்கு ஒருமுறைதான் அமுக்க முடியும்.

அனுமதி கிடைத்ததும், பூட்டில்லாத பிரதி எடுக்க சிடி. ஐடியூன்ஸே பூட்டுள்ள பாட்டை 'ஆடியோ சிடி'யாகப் பதிய விடுகிறது, ஒரே பட்டியலை ஏழு முறை வரை. டேட்டா சிடி, எம்பி3 சிடி என்று தேர்ந்தெடுத்தால் பயன் இல்லை. ஒரு சிடியில் 80 நிமிடம் கொள்ளும். திரும்பத் திரும்ப அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ ஒன்று இருந்தால் போதும், கட்டுக் கட்டாக வாங்க வேண்டாம். பதிந்த சிடியிலிருந்து பாட்டை மறுபடி கணினியில் ஏற்றும்போது ஃப்ளாக் வடிவத்தில் ஏற்றினால் தரம் மேலும் குறையாது. பாட்டின் பெயர்கள் காணாமல் போகலாம். உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஆனால் கம்பெனியே அனுமதித்த வழி இது.

பூட்டை உடைத்துத் தருவதாக இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்களைத் தொட வேண்டாம். அவற்றோடு வைரஸ் வரலாம். அமெரிக்காவில் 1998-ன் டிஎம்சிஏ சட்டப்படி பூட்டை உடைப்பதே சட்டவிரோதம். இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் அதுவல்ல என்று நிரூபித்துக்கொண்டு நிற்கும் வேலை எதற்கு?

என்னிடம் ஐபாடே இல்லை, எனக்கென்ன என்று இருப்பவர்களும் கேட்க வேண்டும். ஃப்ளிப்கார்ட்டின் ஃப்ளைட் எம்பி3 கடை 2012-ல் திறந்து 2013 ஜூனில் மூடியது. அங்கே பூட்டு இல்லை. கெடுவுக்குள் இறக்கி வைத்தவர்களிடம் பாட்டு இன்றும் இருக்கிறது. இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'டவுன்லோட்' என்று அமுக்கிச் சேர்ப்பதோ பூட்டுள்ள கோப்பு. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். ஏர்டெல் 2024-ல் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தபோது பலர் இதை முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்கள்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், அது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி கொடுத்தால் விலக்கு. இத்தனை எளிய விதியை எழுத நம் நுகர்வோர் விவகாரத் துறைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் கையில் இருக்கும் சட்டம் போதாதது அல்ல, அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

2020-ன் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் உண்டு. இந்தியாவில் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் உண்டு. ஒவ்வொரு கடையும் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியில் அல்ல, இந்த அலுவலருக்குத்தான் எழுத வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது விதி. அது நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி பெங்களூரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

மனுவோடு வைக்க வேண்டியவை: ஆர்டர் எண்ணுள்ள மின்னஞ்சல் ரசீது, பணம் போன வங்கிக் கணக்கு வரி, வாங்கிய அன்று பொத்தானில் என்ன எழுதியிருந்தது என்ற ஸ்க்ரீன்ஷாட், கடை அனுப்பிய மூடல் அறிவிப்பு, குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதியதும் அவர் பதிலும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே மனு இருக்கட்டும். மகன் கணக்கில் வாங்கியதற்கு அப்பா மனுப் போட்டால் ஓக்லண்டில் நடந்தது இங்கும் நடக்கலாம். பாட்டு நின்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருந்தபோது அந்நாட்டுக் கணக்கில் வாங்கிய பாட்டுக்கு இந்த ஆணையம் பெரிதாக உதவாது. அமெரிக்கா என்றால் வாங்கியபோது வசித்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலக இணையதளத்தில் நுகர்வோர் புகார்ப் படிவம் இருக்கும்.