நிலாவெளிக் கரையில் மனையமைப்பு

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளிக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது நிலாவெளி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே களப்பும் உப்பளமும் தாழ்ந்த நிலமும். இவற்றிடையே நீண்டு ஒடுங்கிய மணற்பரப்பு. கரையில் நின்று நோக்குவார்க்குப் புறாமலைத் தீவு கண்ணெதிரே தோன்றும். காண்பார்க்கு இன்பம் பயக்கும் இந்நிலம் மனை கோலுவார்க்கு எளிதில் இணங்குவதன்று. கொழும்பில் நன்றாயிருந்த ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொண்டுவந்து இங்கே அப்படியே எழுப்பிவிடலாம் என்று கருதுவோர் உளர். அவ்வாறு எழுப்பிய வீடுகளின் துருவேறிய கம்பிகளும் வெடித்த தூண்களும் அக்கருத்துக்கு விடையாக நிற்கின்றன.

மணலில் வீடு கட்டலாகாது என்பது பொதுவழக்கு. பொறியியலார் இதனை முற்றாக ஒப்புக்கொள்வதில்லை. பக்கங்களில் நழுவவிடாது அடக்கி வைக்கப்பட்ட மணல் பாரத்தை நன்கு தாங்கும். களிமண்ணைப் போல மழையில் வீங்குவதும் கோடையில் வெடிப்பதும் அதற்கு இல்லை. மணலின் பகை பாரம் அன்று, ஓடும் நீர். வெள்ளமோ அலையோ அத்திவாரத்தின் அடியிலுள்ள மணலை அரித்துச் சென்றால், மேலே எத்துணை வலிய சுவர் இருப்பினும் பயனில்லை. ஆதலின் இங்கே அத்திவாரம் வழக்கத்திலும் ஆழமாக இறங்குதல் வேண்டும். தூண்களின் அடிகளை ஒன்றோடொன்று பிணிக்கும் கொங்கிறீற்று வளையும் நிலமட்டத்தில் ஓடுதல் வேண்டும். ஓரிடத்தில் மணல் அரிபட்டாலும் அவ்வளை பாரத்தை அயலிலுள்ள அடிகளுக்குக் கடத்திவிடும். வளவைத் துப்புரவாக்குவதாக எண்ணி அடம்பன்கொடியையும் தாழையையும் வேரோடு களைவது பெரும் பிழை. கரைமணலைக் கட்டி வைத்திருப்பவை அவையே.

மணலின் கீழுள்ள நன்னீரின் இயல்பும் அறியற்பாலது. மழைநீர் மணலினூடே இறங்கி, உவர்நீரினும் அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது ஆழ்ந்து நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமே கவலைக்குரியது: மேலே ஒரு சாண் நீரை இறைத்துத் தாழ்த்தினால், கீழே உவர்நீர் அதன் நாற்பது மடங்கு மேலெழ முற்படும். 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் உவர்த்துப்போன கிணறுகளைத் துப்புரவாக்கும் பொருட்டு மீண்டும் மீண்டும் இறைத்தமை, பல இடங்களில் உவரைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிற்று. ஆகவே வளவில் எதனை எங்கே வைப்பது என்னும் வினாவுக்குக் கிணறே முதலிடம் பெறல் வேண்டும். கிணறு ஒரு கோடியிலும் மலக்குழி மறு கோடியிலுமாக, நிலத்தடி நீர் ஓடும் திசையை அறிந்து அமைத்த பின்னரே வீட்டுக்கு இடம் குறித்தல் முறையாகும்.

இரும்பை உப்புக்காற்று தின்னும் விதமும் இத்தகையதே. கொங்கிறீற்றின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவேறாது காக்கின்றது. உப்பு உட்புகுந்து கம்பியை அடைந்ததும் அக்காவல் நீங்குகின்றது. துரு, தான் தோன்றிய இரும்பினும் பன்மடங்கு இடம் கொள்வது. அதன் நெருக்குதலாற் கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளக்கின்றது. கடல்மணலைக் கழுவாது கலப்பவர் இப்பகையைத் தம் கையாலேயே வீட்டினுள் வைத்துக் கட்டுகின்றனர். கம்பிக்கு வெளியே இரண்டங்குலக் கொங்கிறீற்றேனும் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினால் மேசன்மார் சிலர் நகைப்பர். நகைப்பு அன்றோடு முடியும். தூண் பிளப்பது பத்தாண்டின் பின்னரே தெரியும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். 1964 டிசம்பரில் திருகோணமலைக் கரையையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பையும், 2000 டிசம்பரில் மீண்டும் திருகோணமலையையும் சூறாவளிகள் தாக்கின. 2020 டிசம்பர் 2ஆம் நாள் புரெவி என்னும் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிற்று. 1978இன் அழிவுக்குப் பின்னர் வகுக்கப்பட்ட காற்று வடிவமைப்புக் கைந்நூல் இலங்கையை மூன்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை முதலாம் வலயத்தைச் சேர்ந்தது. அங்கே சாதாரண வீடு ஒன்று வினாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கு ஈடுகொடுத்தல் வேண்டும். கொழும்பு அடங்கிய மூன்றாம் வலயத்துக்கு 33.5 மீற்றர் போதும். இவ்விரு எண்களும் அத்துணை வேறுபட்டனவாகத் தோன்றா. ஆனாற் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. ஆகவே நிலாவெளி வீட்டைத் தாக்கும் அழுத்தம் கொழும்பு வீட்டைத் தாக்குவதிலும் இருமடங்குக்கு மேற்பட்டது.

49 மீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ 150 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான அழுத்தம் பிறக்கின்றது. கூரையின் விளிம்பிலும் மூலையிலும் இவ்விசை கீழ்நோக்கித் தள்ளுவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. அதே பரப்பிலுள்ள தகரத்தின் நிறை ஐந்தாறு கிலோகிராம் மாத்திரமே. ஓட்டின் நிறையும் ஐம்பதைத் தாண்டாது. கூரை தன் பாரத்தால் நிற்கும் என்னும் நம்பிக்கை இங்கே செல்லாது. அதனைக் கட்டி வைத்தல் வேண்டும். சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் தலையில் ஓடும் கொங்கிறீற்று வளையோடும், அவ்வளையைத் தூணோடும், தூணை அத்திவாரத்தோடும் பிணிக்கும் தொடர் எங்கும் அறாதிருத்தல் வேண்டும். ஆணி ஒன்றில் அத்தொடர் அறுந்தால் மற்றவற்றின் வலிமை வீணே. இருபுறம் மட்டும் சரிந்த கூரையினும் நாற்புறமும் சரிந்த கூரை காற்றுக்கு நன்கு தாக்குப்பிடிக்கும்; ஏறத்தாழ 30 பாகைச் சரிவு உகந்தது. மழைக்கும் வெயிலுக்கும் நீண்ட இறவாணம் வேண்டும். ஆனாற் காற்று முதலிற் பற்றுவதும் இறவாணத்தையே. இம்முரண்பாட்டுக்கு ஒரு வழி உண்டு. விறாந்தையின் கூரையைப் பெருங்கூரையின் நீட்சியாக இறக்காது, தனித் தூண்களின் மேற் தனிக் கூரையாக அமைத்தல். விறாந்தைக் கூரை பறந்தாலும் வீட்டின் கூரை தப்பும்.

இனி, வீட்டை எத்திசை நோக்கி வைப்பது? கடற்கரையில் நிலம் வாங்கியவர் கடலைப் பார்த்து நீண்ட முகப்பு வைக்கவே விரும்புவர். நிலாவெளியில் அவ்விருப்பம் இருவகையில் இடர் தரும். முதலாவது, கடல் கிழக்கே இருத்தலின், நீண்ட முகப்பு காலை வெயிலையும் அதன் பின்சுவர் மாலை வெயிலையும் முழுமையாக ஏற்கும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெம்மையை இவ்வூரார் நன்கறிவர். இரண்டாவது, 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலை வந்தது போன்ற பேரலை அந்நீண்ட சுவரையே நேரே தாக்கும். நீர் காற்றினும் எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. புயலுக்கு அசையாத சுவரை அது நொடியில் வீழ்த்தும். இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அன்று மாண்டன. நிலாவெளிக் கரையும் அவ்வழிவுக்குத் தப்பவில்லை. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடி, குறுகிய பக்கம் கடலை நோக்குமாயின் வெயிலும் குறையும், அலை எதிர்ப்படும் பரப்பும் குறையும். ஒரே அமைப்பு இரு பகைக்கும் மருந்தாவது மனையமைப்பில் அரிதாக வாய்ப்பது. கடற்காட்சி இழக்கப்படுமே எனின், கிழக்குக் கோடியில் ஒரு திறந்த விறாந்தை அதனை ஈடுசெய்யும். மேற்குக் கோடியிற் குசினியும் களஞ்சிய அறையும் குளியலறையும் அமைந்து கச்சான் வெம்மையை மறிக்கும்.

ஆழிப்பேரலையின் பின் ஹாவார்ட், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றைச் சார்ந்தோர் இலங்கைக்கென வரைந்த வீடொன்றும் இதே நெறியில் அமைந்தது. நாற்புறமும் தொடர்ந்து மூடிய சுவருக்குப் பதிலாகத் தனித்தனியே நிற்கும் வலிய சுவர்த் துண்டுகள் கூரையைத் தாங்கும். இடைவெளிகளினூடே நீர் புகுந்து வெளியேறும். அலையை மறித்து நிற்பதன்று, அதற்கு வழிவிடுவதே அதன் கருத்து.

சட்டமும் இங்கே ஒரு வரையறை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயமாகும். அதனுட் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். பேரலைக்குப் பின் அரசாங்கம் வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், தெற்கு மேற்கில் 100 மீற்றர் எனக் கட்டடத் தடைவலயம் அறிவித்துப் பின்னர் அதனைத் தளர்த்திற்று. மீன்பிடிப்போர் கடலை விட்டு விலகி வாழ்தல் எளிதன்று என்பதை அறிவித்தவர்கள் முதலில் எண்ணியிருக்கலாம்.

இடர்ப்பாடான நிலத்தை வெட்டித் திருத்தாது அதன் போக்கில் வீடமைத்தமைக்கு இலங்கையிலேயே சிறந்த முன்மாதிரிகள் உண்டு. மினெட் டி சில்வா கண்டியில் 1949 முதல் 1951 வரை கட்டிய கருணாரத்ன இல்லம் மலைச்சரிவைச் சமப்படுத்தாது, சரிவுக்கேற்பத் தளங்களை ஏற்றியும் இறக்கியும் அமைந்தது. ஜெஃப்ரி பாவா பொலொன்தலாவைத் தோட்டத்தில் 1960களில் அமைத்த வீடு பெரும் பாறைகளை அகற்றாது, அவற்றையே சுவராகவும் தாங்கியாகவும் கொண்டது. பாறையும் சரிவும் கண்ணுக்குத் தெரியும் தடைகள். நிலாவெளியின் தடைகளோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. அதனாற்றான் அவை அலட்சியம் செய்யப்படுகின்றன.

புதுவீடு கட்டுவோரினும் உள்ள வீட்டைப் பெருப்பிப்போரே இப்பகுதிகளில் மிகுதி. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மீண்டவர்கள் கூரையிழந்த சுவர்களைக் கண்டனர். 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நிறைவேறிய இந்திய வீடமைப்புத் திட்டம், குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா வழங்கி, உரிமையாளரே கட்டிக்கொள்ளும் சிறு வீடுகளை அளித்தது. பிள்ளைகள் வளர, மகளுக்குச் சீதனம் என ஓர் அறை வேண்டியதாக, அச்சிறு வீட்டோடு இன்னொன்றைச் சேர்க்கும் தேவை எழுகின்றது. வழக்கமான தீர்வு, பழஞ்சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குதல். சரிவு குறைந்த அத்தகரச் சாய்ப்பே புயலில் முதலிற் பறப்பது. அது பறக்கும்போது தான் பற்றியிருந்த பழைய சுவரின் தலையையும் பிய்த்துச் செல்லும்.

பழைய அத்திவாரம் பல்லாண்டுப் பாரத்தால் அமர்ந்து அடங்கியது. புதியது இனித்தான் அமரப்போகின்றது. இரண்டையும் இறுகப் பிணைத்தால் இணைப்பில் வெடிப்புத் தோன்றுவது உறுதி. ஆகவே புதுப்பகுதி தன் தூண்களின்மேல் தானே நிற்க, இடையே ஓரங்குல வெளிவிட்டு, அதனை வளைந்துகொடுக்கும் பொருளால் மூடுதல் நன்று. அதனினும் நன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு முற்றத்தை விட்டு விறாந்தையால் இணைத்தல். நான்கு பக்கமும் அறைகளை ஒட்டிக்கொண்டே போனால் நடு அறை காற்றும் வெளிச்சமும் அற்ற குகையாகிவிடும். நாற்சார் வீட்டை அமைத்த முன்னோர் இதனை அறியாதவரல்லர். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் பாவா தமக்கென அமைத்த வீடும் இவ்வகையில் வளர்ந்ததே. வரிசையாயிருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாகப் பெற்று, இடையிடையே சிறு முற்றங்களை வைத்து ஒரே இல்லமாக்கினார்.

மேல்மாடி எழுப்புவது வேறொரு கதை. அலை வருங்கால் ஏறி நிற்க உயர்ந்த தளம் இருப்பது பெருநன்மையே. அதற்கு வெளிப்புறப் படிக்கட்டு இன்றியமையாதது. ஆனாற் பின்னொருநாள் மாடி கட்டலாம் என்று தூண்தலையில் நீட்டிவிட்ட கம்பிகள் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்று மெலிகின்றன. அவற்றை நம்பி மாடி எழுப்புதல் ஆபத்து. கம்பியை விட்டே தீரவேண்டுமெனின், மெலிந்த கலவையால் மூடிவைத்துத் தேவையானபோது உடைத்தெடுத்தல் சிறிய செலவு.

சேர்க்கும் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு பீலியும் சேர்த்தே கணக்கிடுதல் நன்று. திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. 50 சதுர மீற்றர்க் கூரை ஒன்றின்மேல் விழும் நீர் 80,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும் 64,000 எஞ்சும். அதிற் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காலத்திலேயே பெய்துவிடுதலின், தொட்டி சிறிதாயின் பெரும்பாலும் வழிந்தோடும். வழிவதைக் கிணற்றருகே மணலினுள் இறங்கவிட்டால், உவருக்கு மேல் மிதக்கும் நன்னீரோடு அது சேரும்.