சத்தம் போடாத கடன்காரர்

மாதச் சம்பளம் கணக்கில் விழுந்ததும் லண்டனில் நம்மவர் வீடுகளில் யாருக்கு முதலில் பணம் போகிறது? சீட்டுக் காசு தவறினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். கைமாற்றுக் கொடுத்த மச்சான் அடுத்த கலியாண வீட்டில் எதிர்ப்படுவார். கிரெடிட் கார்டுக்காரர் நேரம் காலம் பார்க்காமல் போன் அடிப்பார். கவுன்சில் மட்டும் சத்தம் போடாது, கடிதம் போடும். அதனால் வாடகை வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறது.

சட்டத்தின் வரிசை இதற்கு நேர்மாறு. கார்டுக் கடனுக்காக நீங்கள் இருக்கும் வாடகை வீட்டை யாரும் பறிக்க முடியாது. வாடகைப் பாக்கிக்காகப் பறிக்கலாம். கடன் ஆலோசகர்கள் வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

பாக்கி விழுகிற எல்லோரும் ஊதாரிகள் அல்லர். கணக்கே சிலரைக் கவிழ்த்துவிடுகிறது. பல கவுன்சில் வீடுகளின் வாடகை வாரக் கணக்கில் ஏறுகிறது. சம்பளமும் யுனிவர்சல் கிரெடிட்டும் மாதக் கணக்கில் வருகின்றன. வாரம் 130 பவுண் வாடகை என்று வையுங்கள். ‘மாதத்துக்கு நாலு வாரம்’ என்று 520 பவுணுக்கு நிரந்தரக் கட்டளை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார் ஒருவர். வருடத்துக்கு 52 வாரம். 130ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 563 பவுண் 33 பென்ஸ் கட்ட வேண்டும். ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர் ஆண்டு முடிவில் 520 பவுண் பாக்கியில் நிற்பார். அவருக்கு வரும் முதல் கடிதம் அவருக்கே அதிர்ச்சியாக இருக்கும். வாடகைக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி இந்த ஒரு பெருக்கலைச் செய்து பாருங்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டில் இன்னும் சில குழிகள் உண்டு. முதல் பணம் வர ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும், வாடகை அதுவரை காத்திராது. வாடகைக்கான பங்கும் பெரும்பாலும் உங்கள் கைக்கே வரும். அந்தப் பணம் வேறு செலவுக்குப் போய்விடும் என்று பயமிருந்தாலோ ஏற்கெனவே பாக்கி விழுந்திருந்தாலோ, வீட்டு நிர்வாகத்துக்கே நேராக அனுப்பும்படி கேட்கலாம். பொதுவாக ஏப்ரலில் வாடகை கூடும். உங்கள் இணையக் கணக்கில் புதிய தொகையைக் கேட்டு ஒரு வேலை வந்து நிற்கும். அதைப் பார்க்காமல் விட்டால் பழைய தொகையே தொடரலாம்.

பிள்ளைகள் வளர்ந்த வீடுகளுக்கு ஒரு விசித்திரமான இரட்டைப் பிடி. கூடவே இருக்கும் மகனுக்கு 21 வயதானால், அவன் வீட்டுக்குக் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சில விலக்குகள் தவிர, அவன் பங்கென்று ஒரு தொகை உதவியில் வெட்டப்படும். அவன் தனியே போய்விட்டாலோ அறை காலி. வேலை செய்யும் வயதினருக்கு வாடகை உதவிக் கணக்கில் ஒரு கூடுதல் அறைக்கு 14 சதவீதமும், இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25 சதவீதமும் வெட்டு. 2013 முதல் இதுதான் நடைமுறை. இருந்தாலும் குறை, போனாலும் குறை. ஆகவே, உழைக்கிற பிள்ளையிடம் வாடகைப் பங்கு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பாக்கி விழுந்த மறுநாளே யாரும் உங்களை வெளியே போடுவதில்லை. சமூக வீட்டு நிர்வாகங்கள் நீதிமன்றம் போகுமுன் செய்ய வேண்டியவற்றை இங்கிலாந்தில் ஒரு நடைமுறை விதி சொல்கிறது: வாடகைதாரரைத் தொடர்புகொண்டு பேச வேண்டும், உதவித்தொகைக்கு வழிகாட்ட வேண்டும், அவரால் தாங்கக்கூடிய தவணைக்கு முயல வேண்டும். தேவையான சான்றுகளோடு விண்ணப்பித்து, உதவி கிடைக்க நியாயமான வாய்ப்பும் இருந்தால், அந்த உதவியில் அடங்காத வாடகையைக் கட்டிவரும் வரை பொதுவாக வழக்குப் போடக்கூடாது. ஹவுசிங் ஆபீசரிடம் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவையுங்கள். சொன்னேன், சொல்லவில்லை என்ற இழுபறியில் எழுத்துத்தான் நிற்கும். வாரம் ஐந்து பவுண் என்று ஒப்புக்கொண்டு தவறாமல் கட்டுவது, ஐம்பது என்று வாக்குக் கொடுத்து இரண்டாம் வாரமே விடுவதைவிட எவ்வளவோ மேல்.

பல கடன்கள் சேர்ந்து கழுத்தை நெரித்தால், 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 60 நாள் கடன் ஓய்வுத் திட்டம் உண்டு. கடன் ஆலோசகர் மூலம் மட்டுமே பெறலாம். பழைய பாக்கிக்கான நெருக்குதல் நிற்கும், நடப்பு வாடகையைக் கட்டியே ஆக வேண்டும்.

நீதிமன்றக் கடிதம் வந்தால் உங்கள் வீடு யாருடையது என்பது முக்கியம். கவுன்சிலின் பாதுகாப்பான ஒப்பந்தமாக இருந்தால், வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி பார்த்தாக வேண்டும். நடப்பு வாடகையோடு சிறு தவணையும் கட்டினால் வீட்டிலேயே இருக்கலாம் என்று உத்தரவை நிறுத்தி வைப்பதும் வழக்கம். முதலாண்டு அறிமுக ஒப்பந்தத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நோட்டீஸ் வந்த 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஹவுசிங் அசோசியேஷன்களிடமோ ஒரு கடுமையான ஆயுதம் இருக்கிறது. நோட்டீஸ் தேதியிலும் விசாரணை நாளிலும் பாக்கி ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால் நீதிபதிக்குத் தெரிவே கிடையாது. எட்டு வாரம் அல்லது இரண்டு மாதம் என்று நெடுங்காலம் இருந்த அந்த அளவை 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் உயர்த்துகிறது. உங்களுக்குப் பொருந்துவது எது என்று ஆலோசகரிடம் கேட்டு, விசாரணைக்கு முன் அதற்குக் கீழே பாக்கியை இறக்கப் பாருங்கள்.

சுவரில் ஈரமும் பூஞ்சையும் இருப்பதால் வாடகையை நிறுத்தி வைப்பது ஆபத்தான கோபம். பழுதுக்குத் தனியாக முறைப்பாடு செய்யுங்கள், வழக்கு வந்தால் அதை எதிர்வாதமாகவும் வைக்கலாம். வாடகையை நிறுத்தாதீர்கள்.

விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். போகாவிட்டால் இன்னும் சுருக்கமாக முடியும், உங்களுக்கு எதிராக. வீடு இழக்கும் நோட்டீஸ் வந்தவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல், வருமானம் பாராமல், இலவச சட்ட ஆலோசனை உண்டு. விசாரணை நாளில் நீதிமன்றத்திலேயே வழக்கறிஞரும் கிடைப்பார்.

மானம் போகிறதே என்று சாவியைத் தாங்களே கொடுத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், நீங்களே வேண்டுமென்று வீட்டை இழந்தவர் என்று சொல்லிக் கவுன்சில் பிறகு நிரந்தர வீடு தர மறுக்கக்கூடும். நீதிமன்ற உத்தரவும் அதன் அலுவலரும் இல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. வெளியேற்றும் தேதி வந்த பின்னரும் என்244 என்ற படிவத்தில் நிறுத்திவைக்கக் கேட்கலாம். கட்டுவதற்கு என்ன வழி, முன்பு ஏன் முடியவில்லை, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். கட்டணம் உண்டு, வருமானம் குறைந்தவர்கள் விலக்கும் கேட்கலாம்.