‘டாக்டர் நோ’: செலவுக்கு மறுப்புச் சொன்ன செனட்டர் டாம் கோபர்ன்

கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சிதைத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2005 அக்டோபரில் அமெரிக்க செனட்டில் ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அலாஸ்கா மாநிலத்தின் கெச்சிகன் என்ற சிற்றூரையும், சுமார் 50 பேர் மட்டுமே வசிக்கும் கிரவினா தீவையும் இணைக்கும் பாலத்துக்கு 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தை எடுத்து, லூசியானாவில் புயல் உடைத்த நெடுஞ்சாலைப் பாலத்தைச் சீரமைக்கக் கொடுக்கலாம் என்றது திருத்தம்.

அதைக் கொண்டுவந்தவர் ஓக்லஹோமா மாநிலத்தின் புதிய செனட்டர் டாம் கோபர்ன். எதிர்த்து எழுந்தவர் அவருடைய குடியரசுக் கட்சியிலேயே மூத்தவரான அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ். தீவில்தான் ஊரின் விமான நிலையம் இருக்கிறது, பாலம் அவசியம் என்பது அலாஸ்கா தரப்பின் வாதம். இந்தத் திருத்தம் நிறைவேறினால் பதவியை விட்டே போவேன் என்று ஸ்டீவன்ஸ் அவையில் எச்சரித்தார். ஆதரவு 15, எதிர்ப்பு 82. கோபர்ன் படுதோல்வி அடைந்தார். ஆனால், ‘எங்கும் போகாத பாலம்’ என்ற பட்டப்பெயர் நாடெங்கும் பரவியது. 2007இல் அலாஸ்கா மாநில அரசே திட்டத்தைக் கைவிட்டது.

அமெரிக்கப் பழமைவாதிகள் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று மேடைதோறும் சொல்வார்கள். அந்தக் கொள்கையைச் சொந்தக் கட்சி, சொந்த மாநிலம் என்று பாராமல் நடைமுறைப்படுத்த முயன்றவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலரில் முக்கியமானவர் கோபர்ன். அவர் வென்ற இடங்களும் தோற்ற இடங்களும் அந்தக் கொள்கையின் எல்லையைக் காட்டுகின்றன.

கணக்கர், மருத்துவர், உறுப்பினர்

1948இல் பிறந்த கோபர்ன் படித்தது கணக்கியல். தந்தை தொடங்கிய கண்ணாடி வில்லைத் தொழிலில் ஒரு பிரிவை நிர்வகித்தார். இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வந்தது. அதிலிருந்து மீண்ட பிறகு மருத்துவம் படித்து, 1983இல் பட்டம் பெற்று, மஸ்கோகி என்ற ஊரில் குடும்ப மருத்துவரானார். தம் வாழ்நாளில் 4,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தவர்.

1994 தேர்தலில் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் அவையைக் கைப்பற்றியது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த ஒரு தொகுதியில் கோபர்னும் அந்த அலையில் வென்றார். அப்போது அவர் தந்த முக்கிய வாக்குறுதி, மூன்று முறைக்கு மேல் அந்தப் பதவியில் நீடிக்க மாட்டேன் என்பது.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. மாநிலங்கள் தாமாக வரம்பு விதிப்பதும் அரசமைப்புக்கு முரணானது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே, எஞ்சியது தனிப்பட்ட வாக்குறுதி மட்டுமே. அதே 1994இல் மூன்று முறைதான் என்று சொல்லி வென்ற வாஷிங்டன் மாநிலத்தின் ஜார்ஜ் நெதர்கட், 2000இல் நான்காவது முறையும் நின்றார். கோபர்ன் 2001 ஜனவரியில் சொன்னபடி ஊருக்குத் திரும்பி மருத்துவமனைக்குப் போனார். வெளியிலிருந்து வருபவர்களை வாஷிங்டன் எப்படித் தன் ஆளாக்கிக்கொள்கிறது என்பதைப் பற்றி 2003இல் ஒரு நூலும் எழுதினார்.

2004இல் செனட்டுக்குத் தேர்வானபோதும் இரண்டு முறைதான் என்றார். செனட்டராக இருந்துகொண்டே பிரசவம் பார்ப்பேன் என்று அவர் அடம்பிடித்தது தனிக் கதை. மருத்துவத் தொழிலில் சம்பாதிக்கக் கூடாது என்றது செனட்டின் நெறிமுறைக் குழு. கட்டணம் வாங்காமல் பார்த்தார். அதற்கும் குழு ஆட்சேபம் தெரிவித்தது. அவரைப் பொறுத்தவரை, மக்கள் பிரதிநிதி என்பவர் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, சில காலம் பொதுப்பணிக்கு வந்து, திரும்பிப் போகிறவர். அரசியலையே பிழைப்பாகக் கொண்டவர் அடுத்த தேர்தலை நினைத்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அவருடைய பொருளாதாரக் கொள்கைக்கும் வேர் இதுதான்.

ஒரு விழுக்காட்டுச் சண்டை

வாஷிங்டனில் ‘இயர்மார்க்’ என்று ஒரு வழக்கம் உண்டு. நிதி மசோதாவுக்குள் ஓர் உறுப்பினர் தம் தொகுதியின் குறிப்பிட்ட பாலத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிக்கோ இவ்வளவு பணம் என்று எழுதிச் சேர்த்துவிடுவது. போட்டி, மதிப்பீடு எதுவும் இல்லை. குழுத் தலைவருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு ஒதுக்கீடு. கிரவினா பாலமும் இப்படிப் பிறந்ததுதான்.

இந்த வழக்கம் உச்சத்தில் இருந்த 2006இல்கூட, இதை எதிர்த்துவந்த ஓர் அமைப்பின் கணக்குப்படி தொகை சுமார் 2,900 கோடி டாலர். அந்த ஆண்டின் மொத்தக் கூட்டாட்சிச் செலவு 2.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். ஆக, ஏறத்தாழ ஒரு விழுக்காடு. இந்தச் சில்லறையை ஒழித்து என்ன ஆகப்போகிறது என்று எதிர்த்தரப்பு கேட்டது. கோபர்னின் சக ஓக்லஹோமா செனட்டரும் தீவிரப் பழமைவாதியுமான ஜிம் இன்ஹோஃபே அவருடன் மோதினார். ஒதுக்கீட்டை உறுப்பினர்கள் எழுதாவிட்டால் அதிகாரிகள் எழுதுவார்கள். கஜானா சாவியை அரசமைப்பு கொடுத்தது நாடாளுமன்றத்திடம் அல்லவா என்பது இன்ஹோஃபின் வாதம். எளிதில் தள்ளக்கூடிய வாதமல்ல.

கோபர்னின் பதில் வேறு கோணத்திலிருந்து வந்தது. பிரச்சினை அந்த ஒரு விழுக்காட்டில் இல்லை; அதைக் காட்டி மீதி 99 விழுக்காட்டுக்கும் வாக்கு வாங்கப்படுகிறது என்றார். தம் ஊர்ப் பாலம் உள்ளே இருக்கும் மசோதாவை எந்த உறுப்பினரும் எதிர்த்து வாக்களிக்க மாட்டார். 2011இல் இரு அவைகளும் இயர்மார்க்குக்குத் தடை போட்டன. அந்தத் தடைக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் கோபர்ன்.

வரிச்சலுகையும் செலவே

இங்கேதான் வழக்கமான பழமைவாதிகளிடமிருந்து அவர் விலகுகிறார். வரியை உயர்த்த மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பது குடியரசுக் கட்சியினரிடம் கட்டாயச் சடங்குபோல ஆகியிருந்தது. அந்த உறுதிமொழியின் காவலர் குரோவர் நார்குவிஸ்ட். ஒரு வரிச்சலுகையை நீக்கி, அதற்கு ஈடாக வேறு வரியைக் குறைக்காவிட்டால் அதுவும் வரி உயர்வே என்பது அவருடைய விதி.

கோபர்ன் இதை ஏற்கவில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்போருக்கு ஒரு கேலனுக்கு 45 சென்ட் வரிச்சலுகை தரப்பட்டுவந்தது. மக்காச்சோளம் விளையும் மாநிலங்களில் இதைத் தொட எவருக்கும் துணிவில்லை. வரித் துறை வழியாகக் கொடுத்தால் சலுகை, கஜானா வழியாகக் கொடுத்தால் மானியம் என்ற வேறுபாடு வெறும் பெயரளவுதான் என்று வாதிட்டார் கோபர்ன். 2011 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் டயேன் ஃபைன்ஸ்டைனுடன் சேர்ந்து சலுகையை நீக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 73க்கு 27 என்ற வாக்கில் நிறைவேறியது. அந்த மசோதா சட்டமாகவில்லை என்றாலும், ஆண்டு முடிவில் சலுகை காலாவதியானபோது நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை.

2010இல் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அமைத்த கடன் குறைப்பு ஆணையத்திலும் கோபர்ன் இருந்தார். ஆலன் சிம்ப்சன், எர்ஸ்கின் பவுல்ஸ் இருவர் தலைமையிலான அந்த ஆணையம் செலவுக் குறைப்போடு வரி வருவாயை உயர்த்தவும் பரிந்துரைத்தது. குடியரசுக் கட்சியின் பொருளாதார முகமாகக் கருதப்பட்ட பால் ரயன் எதிர்த்து வாக்களித்தார். கோபர்ன் ஆதரித்தார். 18 பேரில் 11 பேர் ஆதரவு கிடைத்தும், தேவையான 14 எட்டாததால் அறிக்கை முடங்கியது. அடுத்த ஆண்டு அவரே 600 பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு திட்டத்தை வெளியிட்டார். பத்தாண்டுகளில் 9 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறையைக் குறைப்பது இலக்கு. முதியோர் மருத்துவக் காப்பீடு, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், ராணுவம், வரிச்சலுகை என்று இரு கட்சிகளும் தொட அஞ்சிய எல்லாமே அதில் இருந்தன. ஒட்டுமொத்தமாக எவரும் அதை ஏற்கவில்லை.

ஒருவர் மறுத்தால் போதும்

அவருக்கு ‘டாக்டர் நோ’ என்ற பெயர் வரக் காரணம் செனட்டின் ஒரு நடைமுறை. பெரும்பாலான சிறு மசோதாக்கள் அங்கே விவாதமின்றி, எல்லோர் சம்மதத்தோடும் நிறைவேறும். ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் மசோதா நின்றுவிடும். புதிய செலவுக்கு ஈடாகப் பழைய செலவு எதையும் வெட்டாத மசோதாக்களை எல்லாம் கோபர்ன் இப்படி நிறுத்தினார். 2008இல் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், அவர் நிறுத்திவைத்த முப்பதுக்கும் மேற்பட்ட மசோதாக்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தும் 60 வாக்கு கிடைக்கவில்லை.

இதற்கு மனித விலை உண்டு என்று விமர்சகர்கள் சொன்னார்கள். 2014 டிசம்பரில், முன்னாள் ராணுவ வீரர்களின் தற்கொலையைத் தடுப்பதற்கான 2.2 கோடி டாலர் மசோதாவைத் தம் கடைசி நாட்களில் தடுத்தார். ஏற்கெனவே உள்ள திட்டங்களையே இது திரும்பச் செய்கிறது என்றார். வீரர்களின் குடும்பங்கள் கொதித்தன. அவர் போன பிறகு, 2015 பிப்ரவரியில் அது சட்டமானது. வீண் செலவு என்று அவர் வெளியிட்ட அறிக்கைகளும் குறை இல்லாதவை அல்ல. இறாலை ஓடுபொறியில் ஓடவிட்ட ஆய்வு என்று அவருடைய அலுவலகம் கேலி செய்தது. நோயுற்ற கடல் உயிர்களின் ஆற்றலை அளக்கும் அந்த ஆய்வில் ஓடுபொறிக்கான செலவு மிகச் சொற்பம் என்று ஆய்வாளர் விளக்கினார். 2013இல் அரசியல் அறிவியல் ஆய்வுகளுக்கான அரசு நிதியை அவருடைய திருத்தம் ஓராண்டு இறுக்கிப் பிடித்தது. பயன் என்ன என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஆய்வைக் கணக்கரின் கண்ணால் மட்டும் அளந்தது அவருடைய பலவீனம்.

ஆனால், ஊருக்கு ஒரு நியாயம் தமக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. 2013 மே மாதம் ஓக்லஹோமாவின் மூர் நகரைச் சூறாவளி அழித்தபோது, தம் மாநிலத்துக்கான நிவாரணத்துக்கும் வேறு செலவை வெட்டியே பணம் தர வேண்டும் என்றார். அதேநேரம், எல்லாவற்றுக்கும் மறுப்பு என்பவரும் அல்ல. 2008 நிதி நெருக்கடியில் வங்கிகளை மீட்கும் சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்.

நிலைத்தது எது?

கோபர்ன் பதவிக்காலம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, 2015 ஜனவரியில் விலகினார். 2020 மார்ச் 28 அன்று காலமானார்.

அவர் முதன்முதலாக அவைக்குள் நுழைந்தபோது அமெரிக்க அரசின் கடன் 5 லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. அவர் விலகியபோது 18 லட்சம் கோடி. 2024 இறுதியில் 36 லட்சம் கோடி. ஒழித்துவிட்டதாக நினைத்த இயர்மார்க்கும் 2021இல் புதிய பெயரோடும் சில வெளிப்படைத்தன்மை விதிகளோடும் திரும்பிவிட்டது. செலவை வெட்டும் போரில் அவர் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

செலவைக் காட்டும் போரில் தோற்கவில்லை. 2006இல் அவரும் ஒபாமாவும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம், அரசு வழங்கும் மானியங்களையும் ஒப்பந்தங்களையும் எவரும் தேடிப் பார்க்கும் இணையதளமாக வெளியிடச் சொன்னது. அந்த மசோதாவை ரகசியமாக நிறுத்திவைத்தவர் பாலத்துக்காகச் சண்டையிட்ட அதே ஸ்டீவன்ஸ் என்பது தெரியவந்த பிறகே அது நகர்ந்தது. 2010இல் கோபர்ன் சேர்த்த இன்னொரு பிரிவின்படி, ஒரே வேலையைப் பல துறைகள் செய்வதை ஆண்டுதோறும் பட்டியலிட வேண்டிய கடமை அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்துக்கு வந்தது. 2011இல் வந்த முதல் அறிக்கை, ஆசிரியர் தரத்தை உயர்த்த மட்டும் 10 துறைகளில் 82 திட்டங்கள் இருப்பதைக் காட்டியது. இந்த அறிக்கைகளால் கிடைத்த நிதிப் பயன் 60,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்கிறது அந்த அலுவலகத்தின் கணக்கு.

கோபர்னின் மறுப்புகளில் பலவற்றை அடுத்து வந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். அவர் கட்டாயமாக்கிய கணக்கு மட்டும் ஆண்டுதோறும் வெளிவருகிறது. அரசு குறைவாகச் செலவழிக்க வேண்டுமா என்பதில் இடதும் வலதும் என்றைக்கும் சண்டை போடலாம். எதற்குச் செலவழிக்கிறது என்று மக்களிடம் சொல்வதில் இரு தரப்புக்கும் சண்டை இருக்க நியாயமில்லை. பழமைவாதியான அவரும் தாராளவாதியான ஒபாமாவும் கைகோத்த இடம் அதுதான்.