ஒரு பிக்கப் போதும்!

காரியாபட்டி போன்ற ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடையைப் பார்க்காமல் யாரும் வளர முடியாது. புகைந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கட்டுவார்கள். அந்தக் காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உண்டாகும், மோட்டார் சுழலும்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குள்ளும் ஒரு காயில் இருக்கிறது. அங்கே வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் அசைவு, அந்த அசைவிலிருந்து மின்சாரம். இதைச் செய்யும் உறுப்புக்குப் பெயர் பிக்கப்.

கிட்டார் கம்பிகளுக்கு நேர் கீழே, ஒரு விரல் நீளத்துக்குச் சின்னப் பட்டை போல அது பதிந்திருக்கும். உள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றிலும் முடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் இந்தக் காந்தம் காந்தமாக்கி வைத்திருக்கும். கம்பியை மீட்டியதும் காயில் வழியே போகும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. காந்தப்புலம் மாறினால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். கிட்டாரின் ஐந்தாம் கம்பி வினாடிக்கு 110 முறை அதிர்கிறது. மின்சாரமும் 110 முறை ஏறி இறங்குகிறது. ஆம்ப் என்ற பெருக்கி அதைப் பெருக்க, ஸ்பீக்கர் அதே வேகத்தில் அதிர்ந்து நமக்கு இசையாகத் தருகிறது. நைலான் கம்பி மாட்டினால் இந்த பிக்கப்புக்கு எதுவும் கேட்காது. அதற்குத் தெரிந்தது காந்தம் ஒன்றுதான்.

விலை குறைந்த கிட்டார்களில் பல ஒரே ஒரு பிக்கப்போடு வரும். "இரண்டு, மூன்று இருப்பதுதானே நல்லது?" என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தொடக்ககால எலெக்ட்ரிக் கிட்டாரில் இருந்தது ஒரு பிக்கப்தான். கிப்சன் நிறுவனம் 1954-இல் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்காகக் கொண்டுவந்த லெஸ் பால் ஜூனியரிலும் ஒன்றுதான். பிறகு பெரிய கலைஞர்களே அதை விரும்பி எடுத்து மேடையேறினார்கள்.

ஒன்றை வைத்துப் பல குரல் வாங்கலாம். பிரிட்ஜுக்கு, அதாவது வீணையில் குதிரை என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் மீட்டிப் பாருங்கள்: கூர்மையான ஒலி. விரலை நகர்த்திக் கம்பியின் நடுப்பக்கம் மீட்டுங்கள்: உருண்டு திரண்ட ஒலி. கம்பி முழு நீளத்துக்கும் அதிரும்போதே பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் பிரிந்தும் அதிர்கிறது. ஓரத்தில் மீட்டினால் அந்தச் சின்ன அதிர்வுகள் ஓங்கும். நடுவில் மீட்டினால் அவற்றில் பல அடங்கும். டோன் திருகியும் கை கொடுக்கும். அதில் உள்ள சிறிய கண்டென்சர், கூர்மையான ஒலிகளை மட்டும் வடித்துவிடும்.

கிட்டார் வாங்க மதுரைக்குப் பெரியவர்களோடு போகிறீர்களா? கடையிலேயே நான்கு சோதனை செய்யுங்கள். ஆம்பில் இணைத்து, பிக்கப்பின் மேல் ஸ்குரூடிரைவர் நுனியால் மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று ஸ்பீக்கரில் கேட்டால் பிக்கப் உயிரோடு இருக்கிறது. திருகிகளைச் சுற்றும்போது கரகரப்பு வரக்கூடாது. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோக மெட்டு) அழுத்தி மீட்டுங்கள், எங்கேயும் இரையக்கூடாது. பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட். அது கம்பியின் சரிபாதி இடம். அங்கே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள், அடுத்து அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் நல்ல கிட்டார். விலகினால் பிரிட்ஜைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஆம்ப், வயர், மாற்றுக் கம்பி எல்லாம் வாங்க வேண்டும்.

வீட்டில் வாசிக்கும்போது 'உம்' என்ற இரைச்சல் வரலாம். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுவது; பக்கத்தில் ஓடும் மோட்டாரின் காந்தப்புலத்தையும் பிக்கப் கேட்டுவிடுகிறது. கிட்டாரோடு கொஞ்சம் திரும்பி உட்காருங்கள், குறையும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களைச் சேர்த்து இந்த இரைச்சலை அடக்கும் பிக்கப்பை 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கினார். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில்தான் ஆம்பை மாட்ட வேண்டும். ஈரக்கையோடு தொடவே கூடாது. எர்த் இல்லாத வீடு என்றால் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் நல்லது.

நம் இசைக்கு இது ஒத்துவருமா? கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக இருந்தபோதே பதில் சொல்லிவிட்டார். சாதாரண மாண்டலினில் இரட்டைக் கம்பிகள் நான்கு ஜோடி. ஒலி சட்டென்று அடங்கிவிடும். அவர் ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். ஒலி நீண்டு நின்றது; கமகம் பாடுவதுபோல் வந்தது. உங்கள் கிட்டாரிலும் ஒரு கம்பியை அழுத்தியபடி பக்கவாட்டில் இழுங்கள். இழுவிசை கூடும், சுருதி ஏறும். விட்டால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் விரலுக்குப் பிடிபடும்வரை தினமும் பழகுங்கள். கூடுதல் பிக்கப் எதுவும் அதைக் கற்றுத்தராது.