முக்காலியும் நாற்காலியும்

முப்பரிமாண அச்சுப்பொறியின் தலை வழுவாமல் நேர்கோட்டில் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். பல அச்சுப்பொறிகளில் அதைத் தாங்குவது ‘லீனியர் கைடு’. எஃகுத் தண்டவாளமும், உள்ளே குண்டுகள் உருள அதன்மீது ஓடும் சிறு வண்டியுமே அதன் உறுப்புகள். முதுகலை ஆய்வுக்காக இத்தகைய மேசையொன்றைக் கணிப்பொறியில் அமைத்து வருகிறேன். அதில் அறிந்ததை இங்கே கூறுகிறேன்.

கட்டற்ற திடப்பொருள் 6 வகையில் அசையும்: மூன்று திசைகளில் நகரும், மூன்று அச்சுகளில் சுழலும். வண்டி அவற்றுள் 5-ஐத் தடுத்து ஒன்றை விடுகிறது. மேசைக்கோ பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்கள், நான்கு வண்டிகள். ஆகக் கட்டுகள் 20. தேவை 5, மிகை 15.

மிகையால் என்ன கேடு? நான் பயில்வது ஆங்கிலத்தில். விளங்கிக்கொண்டதோ இரண்டு தமிழ்ச் சொற்களால். முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாது. கால்களின் சுமையைச் சமநிலைச் சமன்பாடுகளே கூறிவிடும். நாற்காலி அப்படியன்று. நடுவில் 800 நியூட்டன் எடை வைத்தால், நான்கு கால்களும் 200 வீதம் தாங்கலாம். எதிர்மூலைக் கால்கள் இரண்டும் 400 வீதம் தாங்க, மற்றவை சும்மா நிற்கலாம். இரண்டும் சமநிலையே!

மிகைக் கட்டுகளைக் கண்டால், மென்பொருள்கள் பல தாமே சிலவற்றை நீக்கிக் கணக்கை முடித்துவிடும். மேசையின் ஓட்டம் சரியாகவே வரும். வண்டிகளின் சுமையை மட்டும் நம்ப முடியாது. இது சிறு பிழையன்று. குண்டு வண்டியின் கணக்கிட்ட ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைவது. சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. 400-ஐ 200 என்று கொண்டால், எட்டாண்டு உழைக்கும் என்று நம்பிய வண்டி ஓராண்டிலேயே பழுதாகலாம்.

வழி என்ன? வண்டியை இறுகிய கட்டாகக் கொள்ளாமல், விறைப்பான சுருள்வில்லாகக் கொள்ள வேண்டும். தண்டவாளத்தின் நீளவாக்கில் அது தடையின்றி ஓடட்டும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் சிறிது அமுங்கட்டும். அமுங்கும் அளவே சுமையைப் பங்கிட்டுவிடும். உண்மையும் அதுவே. குண்டும் தடமும் தொடுமிடத்தில் எஃகும் அமுங்கும் என்பதை 1880-களின் தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். விறைப்பின் அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து பெறலாம்.

ஓர் எளிய சோதனையும் உண்டு. சமச்சீரான மேசையின் நடுவில் எடையை வைத்து நிறுத்துங்கள். நான்கு வண்டிகளும் சமமாகத் தாங்கினால் மேலே செல்லுங்கள். இல்லையேல், திரையில் மேசை எவ்வளவு அழகாக ஓடினாலும் அந்தச் சுமைக் கணக்கை நம்பாதீர்கள்.