கரண்ட்டா, கேஸா? தென்காசி வீட்டு பில்லுக்கு ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் உங்க வீட்டு கரண்ட் பில்லைப் பத்தியும் கேஸ் சிலிண்டரைப் பத்தியும். பக்கத்துல பேனா, பேப்பர் இருந்தா எடுத்து வச்சுக்கோங்க. கொஞ்சம் கணக்கு இருக்கு, ஆனா எல்லாம் கூட்டல், பெருக்கல்தான்.

பிரிட்டன்ல வேலை பார்க்குற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. அங்கே 1999-க்குள்ளயே எல்லா வீட்டுக்கும் கரண்ட்டையும் கேஸையும் எந்த கம்பெனிகிட்ட வாங்கணும்னு தேர்ந்தெடுக்குற உரிமை வந்துடுச்சு. ஒப்பிட்டுப் பார்க்குற வெப்சைட்டுக்குப் போய், எது மலிவுன்னு பார்த்து, மாறிடலாம். நம்ம நாட்டுலயே மும்பையின் பல பகுதிகள்ல இந்த வசதி 2009-லேருந்து இருக்கு. அப்போ டாடா பவர், ரிலையன்ஸ்னு ரெண்டு கம்பெனி. ரிலையன்ஸோட இடத்துல இப்போ அதானி.

"அப்போ தென்காசில இருக்குற நான் எந்த கம்பெனிக்கு மாறணும்?" அப்படின்னு கேட்டா, பதில் ரொம்பச் சின்னது. மாற முடியாது.

ஒரே கடை, ஒரே விலை

தமிழ்நாட்டுல வீட்டுக்குக் கரண்ட் விக்கிறது ஒரே நிறுவனம். நம்ம எல்லாரும் இன்னும் "ஈபி"னுதான் சொல்றோம். 2010-ல மின்வாரியத்தைப் பிரிச்சாங்க, 2024-ல மறுபடியும் பிரிச்சாங்க. இப்போ அதோட பேரு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். விலையை முடிவு பண்றது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சென்னை அடையாறுலயும் குற்றாலத்துலயும் ஒரு யூனிட்டுக்கு ஒரே விலைதான்.

ஒரே ஏரியாவுல பல கம்பெனிகள் விக்கலாம்னு வழியைச் சுலபமாக்குற மின்சாரத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட்ல மக்களவைக்கு வந்துச்சு. அன்னைக்கே எதிர்ப்பு வந்து நிலைக்குழுவுக்கு அனுப்பிட்டாங்க. போட்டி இருந்தா விலை குறையும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லவும் முடியாது. பிரிட்டன்ல 2021-ல மொத்த விலை எகிறினப்போ இருபத்தஞ்சு கம்பெனிக்கு மேல இழுத்து மூடிட்டாங்க. அந்தச் செலவுல பெரும்பங்கு கடைசியில எல்லாருடைய பில்லுலயும்தான் வந்து விழுந்துச்சு.

நம்ம ஊர்க்காரங்க கேக்குற இன்னொரு கேள்வி: "செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்துல சுரண்டை, ஆலங்குளம் பக்கம் இத்தனை காத்தாடி சுத்துதே, நமக்குக் கரண்ட் மலிவா கிடைக்காதா?" கிடைக்காதுங்க. காத்தாடியில வர்ற மின்சாரம் பொது கிரிட்டுக்குப் போயிடுது. நிறைய காத்தாடிங்க நூற்பாலை மாதிரியான நிறுவனங்க தங்களோட சொந்தத் தேவைக்காக வச்சிருக்கிறது. காத்து நம்மளது, கணக்கு அவங்களது.

கேஸ் கதை என்ன? இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ்னு மூணு பேர் இருக்காங்க. ஆனா ஒரு ஊர்ல மூணுக்கும் வீட்டு சிலிண்டர் விலை ஒண்ணுதான். 2025 ஏப்ரல் 8-ம் தேதி 50 ரூபாய் ஏறினப்போ மூணுலயும் ஒரே நாள்ல ஏறுச்சு. சென்னையில 818 ரூபாய் 50 காசா இருந்தது 868 ரூபாய் 50 காசு ஆச்சு. டீலர் சேவை சரியில்லைன்னா வேற டீலருக்கு மாறலாம், அந்த வசதி இருக்கு. ஆனா அதனால சிலிண்டர் விலை ஒரு பைசா குறையாது.

சரி, அப்போ எபிசோட் முடிஞ்சுதா? இல்லை. ஒப்பிட வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு சப்ளையர் இருக்காங்க: சுவத்துல இருக்குற பிளக் பாயிண்ட் ஒண்ணு, அடுப்புக்குக் கீழ இருக்குற சிலிண்டர் ஒண்ணு. சமையலுக்கு எது மலிவு? அதுக்கான பதில் வீட்டுக்கு வீடு மாறும். ஏன்னு பார்க்க முதல்ல ஸ்லாப் புரியணும்.

501-வது யூனிட்டோட விலை

இனி போடுற கணக்கெல்லாம் 2024 ஜூலை 1-ல வந்த கட்டணப்படி. பில் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்.

ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஓட்டுற வீடுன்னா:

- முதல் 100 யூனிட் இலவசம் (இது 2016 மே மாசத்துலேருந்து)
- 101 – 200: யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு
- 201 – 400: 4 ரூபாய் 70 காசு
- 401 – 500: 6 ரூபாய் 30 காசு

இந்தக் கணக்குல சரியா 500 யூனிட் ஓட்டினா பில் 1,805 ரூபாய்.

500-ஐத் தாண்டினா என்ன ஆகும்? 501-லேருந்து 600 வரைக்கும் யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. 601-லேருந்து 800 வரைக்கும் 9 ரூபாய் 45 காசு. இது எல்லாருக்கும் தெரியும். நிறைய பேர் கவனிக்காதது இன்னொண்ணு: 500-ஐத் தாண்டின உடனே அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை போயிடும். 101-லேருந்து 400 வரைக்கும் எல்லாமே 4 ரூபாய் 70 காசு ஆயிடும். அதாவது பின்னாடி போய், ஏற்கெனவே ஓட்டின 100 யூனிட்டுக்கு 235 ரூபாய் கூடுதலா வாங்குறாங்க.

501 யூனிட்டுக்கு பில் 2,048 ரூபாய் 40 காசு. ஆக, அந்த ஒத்தை யூனிட்டோட விலை 243 ரூபாய் 40 காசு. ஒரு டியூப்லைட்டை ராத்திரி மறந்து விட்டாக்கூட இந்தக் கோட்டைத் தாண்டிடலாம்.

ஒரு சிலிண்டர் எத்தனை யூனிட்?

இப்போ ரெண்டு சப்ளையரையும் ஒரே தராசுல வைக்கலாம். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில சுமார் 12.8 யூனிட் அளவு வெப்பம் இருக்கு. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. ஆக மொத்தம் 180 யூனிட் சொச்சம். ஆனா கேஸ் அடுப்புல தீ பாத்திரத்தைச் சுத்தி வெளியே ஓடுது, சுமார் 60 சதவீதம்தான் சோத்துக்குப் போய்ச் சேரும். இண்டக்‌ஷன்ல பாத்திரத்தோட அடியே சூடாகுறதால சுமார் 85 சதவீதம் போய்ச் சேரும். வகுத்துப் பார்த்தா, ஒரு சிலிண்டர் செய்யுற வேலையை இண்டக்‌ஷன் செய்ய ஏறத்தாழ 130 யூனிட் வேணும்.

சிலிண்டர் 900 ரூபாய்னு வச்சுக்குவோம் (உங்க ரசீதுல இருக்குற விலையைப் போட்டுக்கோங்க). 900-ஐ 130-ஆல வகுத்தா 6 ரூபாய் 90 காசு. இதுதான் இன்னைக்கு எபிசோடோட முக்கியமான நம்பர். நீங்க கூடுதலா ஓட்டப்போற யூனிட் இதுக்குக் குறைவான விலையில விழுந்தா கரண்ட் மலிவு. அதுக்கு மேல போனா கேஸ் மலிவு.

மூணு வீட்டை எடுத்துப்போம். மூணு வீட்டுலயும் ரெண்டு மாசத்துக்கு ஒரு சிலிண்டர்.

முதல் வீடு, வேலைக்குப் போற ரெண்டு பேர், 150 யூனிட். சமையல் முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறினா 280 யூனிட். பில்லுல கூடுறது 493 ரூபாய் 50 காசு. சிலிண்டர் 900. மிச்சம் கிட்டத்தட்ட 400 ரூபாய்.

ரெண்டாவது வீடு, 250 யூனிட். மாறினா 380. கூடுறது 611 ரூபாய். மிச்சம் 289. வருஷத்துக்கு ஆறு பில், 1,734 ரூபாய்.

மூணாவது வீடு, ஏசி இருக்கு, 450 யூனிட். மாறினா 580. இங்கே 500 கோட்டைத் தாண்டுது. கூடுறது 1,222 ரூபாய். சிலிண்டரே வாங்கியிருந்தா 900-தான். ரெண்டு மாசத்துக்கு 322 ரூபாய் நஷ்டம்.

அதனாலதான் "இண்டக்‌ஷன் வாங்கினேன், பில் பாதியாச்சு"னு ஒருத்தர் சொல்றதும், "அதை வாங்கித்தான் பில் ஏறிப்போச்சு"னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதும் ரெண்டுமே உண்மையா இருக்கலாம்.

முழுசா மாறணும்னு அவசியமும் இல்லை. சோறு, பருப்பு, பால், வெந்நீர் இதையெல்லாம் இண்டக்‌ஷன்ல வச்சுட்டு, தோசையும் தாளிப்பும் கேஸ்லயே பண்ணலாம். கரண்ட் போனா கை கொடுக்குறதும் சிலிண்டர்தான். இண்டக்‌ஷனுக்கு அடி தட்டையா, காந்தம் ஒட்டுற பாத்திரம் வேணும், அந்தச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

வாடகை வீட்டுல இருக்கீங்களா?

அப்போ மேல சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாமப் போகலாம். ஒரே சர்வீஸ்ல நாலு போர்ஷன், ஒவ்வொண்ணுக்கும் சப் மீட்டர், "யூனிட்டுக்குப் பத்து ரூபாய்"னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார்னா, 130 யூனிட் 1,300 ரூபாய் ஆகுது. இண்டக்‌ஷன் பக்கமே போகாதீங்க. அதைவிட முக்கியம், உங்க போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் இருந்தா 150 யூனிட்டுக்கு 117 ரூபாய் 50 காசுதான் வரும். சப் மீட்டர்ல அதே 150 யூனிட்டுக்கு 1,500 ரூபாய். வீடு பார்க்கப் போறப்போ தண்ணி எப்படின்னு கேக்குற மாதிரி, "தனி ஈபி சர்வீஸா?"ன்னும் கேளுங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுடணும்.

சாரல் மாச பில்

குற்றாலம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருக்குறவங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் சீசன். சாரல் விழ ஆரம்பிச்சா ஃபேன் நின்னுடும், பில் குறையும்னு நினைப்போம். ஆனா அப்போதான் சொந்தக்காரங்க வருவாங்க, கீசர் ஓட ஆரம்பிக்கும். 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். ஏறக்குறைய ஒரு சிலிண்டர் சமையலுக்கு ஆகுற கரண்ட் வெந்நீருக்கே போயிடுது. 400 யூனிட் வீடு சத்தமில்லாம 520-க்குப் போயிடும். வந்தவங்களை அருவியிலயே குளிச்சுட்டு வரச் சொல்றது பில்லுக்கு நல்லது!

சீசனுக்கு ரூம் வாடகைக்கு விடுறவங்க, சாப்பாடு போட்டு விக்கிறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். சிவப்பு நிற 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் தனி. கரண்ட்டுலயும் வீட்டுக் கட்டணம் வேற, வணிகக் கட்டணம் வேற.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறது எப்படி?

ஒண்ணு, ரீடிங் எடுத்த அன்னைக்கு மீட்டரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முப்பதாவது நாள் மறுபடி பாருங்க. 250-ஐத் தாண்டியிருந்தா அடுத்த முப்பது நாள் கவனமா இருக்கணும்னு அர்த்தம். ரீடிங்ல சந்தேகம்னா மின்னகம் எண் 94987 94987.

ரெண்டு, ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினம் பத்து மணி நேரம்னா ஒரு ஃபேனுக்கு ரெண்டு மாசத்துல 27 யூனிட் மிச்சம். மூணு ஃபேனுக்கு 81. 540 யூனிட் வீடு 459-க்கு வந்துடும். பில் 2,376-லேருந்து 1,546 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கும். 81 யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 830 ரூபாய் குறையக் காரணம், கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததுதான்.

மூணு, சிலிண்டர் வாங்குறப்போ எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க. காலி சிலிண்டரோட எடை அதுமேலயே எழுதியிருக்கும். அதோட 14.2-ஐக் கூட்டினா வரணும். ரசீதுல போட்டிருக்குற விலையில வீட்டுக்குக் கொண்டுவந்து தர்ற செலவும் அடக்கம். அதுக்கு மேல கொடுக்குறது உங்க விருப்பம், கட்டாயம் கிடையாது. கேஸ் கசிவுன்னா 1906-க்குக் கூப்பிடுங்க.

நாலு, சொந்த வீடா இருந்தா மொட்டைமாடி. 2024 பிப்ரவரியில வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயில்ல 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். சாரல் மாசங்கள்ல மேகம் மூடுறதால நம்ம பக்கம் அது குறையும், அதை மனசுல வச்சுக்கிட்டு அளவை முடிவு பண்ணுங்க. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீட்டுக்கு அவசரமே இல்லை. 500-ஐத் தாண்டுற வீடுதான் முதல்ல யோசிக்கணும்.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை. கடைசி மூணு கரண்ட் பில்லை எடுத்து, யூனிட் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. 350-க்குக் கீழன்னா, 130 யூனிட் கூட்டினாலும் 500-ஐத் தொடாது, இண்டக்‌ஷன் அடுப்பு உங்களுக்கு லாபம். 400-க்கு மேலன்னா, முதல்ல ஃபேனையும் கீசரையும் கவனிங்க, சமையல் கேஸ்லயே இருக்கட்டும். நடுவுல இருந்தா பாதிச் சமையலை மட்டும் மாத்திட்டு, அடுத்த பில்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

உங்க மூணு பில்லுல எத்தனை யூனிட் வந்திருக்குன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.